வாசகர் கேள்வி–பதில்: ‘பேன்’ என்றால் ரொட்டியா, குளியலா?

யாரிடமும் போய்ப் படிக்காமல் தாங்களாகவே பிரெஞ்சு கற்கும் பெரியவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த வாரம் பதில். நானும் 44 வயதில், இரவல் வாங்கிய பாடப்புத்தகத்தோடு தொடங்கியவள்தான். அதனால் உபதேசம் குறைவாகவும் புலம்பல் கொஞ்சம் கூடுதலாகவும் இருக்கும்.

எனக்கு 57 வயது. இனிமேல் புது மொழி மண்டையில் ஏறுமா?

ஏறும், மெதுவாக. இரண்டு நாள் விட்டால் இறங்கியும் விடும். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உட்காருவதைவிட தினமும் 20 நிமிடம் மேல். இலக்கணம் நம் வயதில் சட்டென்று புரியும், வாயைத் திறக்கத்தான் வெட்கம். கதவைச் சாத்திக்கொண்டு சத்தமாகப் படியுங்கள்.

எட்டு மாதமாகச் செயலியில் படிக்கிறேன். வாசித்தால் பாதிக்கு மேல் புரிகிறது. யாராவது பேசினால் ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. காதில் கோளாறா?

காது நன்றாகத்தான் இருக்கிறது. கண் முந்திக்கொண்டுவிட்டது, அவ்வளவுதான்.

‘இது என்ன?’ என்று கேட்கும் ‘கெஸ்கஸே’யை எழுத 14 எழுத்து வேண்டும். காதில் விழுவது ஏழே ஒலி. மீதி எழுத்தெல்லாம் தாளில் மட்டும் குடியிருப்பவை. சொல்லின் கடைசியில் வரும் மெய் பெரும்பாலும் ஒலிக்காது. ஆனால் அடுத்த சொல் உயிரில் தொடங்கினால் தூங்கிய மெய் எழுந்து அதோடு ஒட்டிக்கொள்ளும். ‘லே’ தனி (எழுத்தில் அதன் கடைசியில் ஒரு ‘ஸ்’ தூங்குகிறது), ‘அமி’ தனி. சேர்ந்தால் ‘லேஸாமி’, நண்பர்கள். புணர்ச்சி விதி படித்த நமக்கு இது புதிதா என்ன? அகராதியில் ‘ஸாமி’யைத் தேடி அரை மணி நேரம் வீணாக்கியவள் சொல்கிறேன்.

நான் செய்த இன்னொரு தப்பு, முதல் மூன்று மாதம் நோட்டில் எல்லா உச்சரிப்பையும் தமிழ் எழுத்தில் குறித்துவைத்தது. ஒரு பக்கத்தில் ‘பேன் – ரொட்டி’. நாலு பக்கம் தள்ளி ‘பேன் – குளியல்’. பிரெஞ்சில் ரொட்டிக்கு உதடு வெடிக்கும் ‘ப’, குளியலுக்கு ‘பஸ்’ என்பதில் வரும் ‘ப’. நம் எழுத்துக்கு இரண்டும் ஒன்று. இணையத்தில் பேச்சுப் பழக்கம் தந்த பெண்மணியிடம், தினமும் காலையில் குளிப்பேன் என்று பெருமையாகச் சொன்னேன். “எத்தனை ரொட்டி?” என்று கேட்டார். தமிழில் அது தலையில் ஊறும் பேனாகவும் இருப்பது அவருக்குத் தெரியாமல் போனது என் அதிர்ஷ்டம். (இந்தப் பக்கத்திலும் தமிழ் எழுத்தில்தானே எழுதுகிறாய் என்பீர்கள். வேறு வழியில்லை. ஒலியைக் கேட்டதும் இதை மறந்துவிடுங்கள்.)

சரி, என்ன செய்வது? டிவி5மோந்த் என்ற பிரெஞ்சு மொழித் தொலைக்காட்சியின் தளத்தில் தொடக்கநிலைக்கான பயிற்சிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. கொஞ்சம் தேறியதும் ஆர்.எஃப்.ஐ வானொலியின் எளிய பிரெஞ்சுச் செய்தி. பத்து நிமிடம், எழுத்து வடிவமும் உண்டு. பத்து நிமிடத்தையும் கேட்கவேண்டாம், 20 விநாடி போதும். எழுத்தைப் பார்க்காமல் ஐந்து முறை கேளுங்கள். அப்புறம் எழுத்தை எடுத்துவைத்து, காதில் விழாத எழுத்துகளைப் பென்சிலால் அடியுங்கள். தாள் முழுக்கக் கோடாகிவிடும். அடித்ததை விட்டுவிட்டு, ஒலிப்பதிவோடு சேர்ந்தே சொல்லுங்கள். இரண்டு வாரத்தில் வித்தியாசம் தெரியும்.

நமக்குக் கை கொடுக்கும் சில விஷயங்களும் உண்டு. பிரெஞ்சின் ‘த’ நம் ‘த’வைப் போலப் பல்லில் படுவது. ஆங்கிலப் பழக்கத்தில் அதை ‘ட’ ஆக்கிவிடாதீர்கள். மூக்கொலி வரவில்லை என்று பலர் எழுதியிருக்கிறீர்கள். ‘பணம்’ என்று வீட்டில் பேசுகிற மாதிரி சொல்லிப் பாருங்கள். கடைசியில் உதடு மூடுகிறதா? இல்லை, ‘ம்’ மூக்கில் கரைந்துபோகிறது. பிரெஞ்சின் ‘நல்ல’ என்ற சொல்லுக்கு ஏறக்குறைய அதே முடிவுதான்.

புதிதாகப் பழகவேண்டியது இரண்டு. ஒன்று, தொண்டையில் உரசும் ‘ர’. வெறும் வாயால் கொப்பளிப்பதுபோல் செய்தால் வரும். இன்னொன்று, ‘ஈ’ என்று சொல்லிக்கொண்டே உதட்டை மட்டும் ‘ஊ’வுக்குக் குவிப்பது. இதில் அலட்சியம் வேண்டாம்: ‘மேலே’, ‘கீழே’ இரண்டுக்கும் பிரெஞ்சில் ‘தெஸூ’ போன்ற சொல்தான், பிரிப்பது அந்தக் கடைசி உயிர் ஒன்றே.

மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால் என்கிறார்கள். இதில் என்ன தர்க்கம்?

தேடாதீர்கள். மீசையும் தாடியும் பெண்பால் என்ற மொழியில் தர்க்கத்துக்கு எங்கே போவது? நமக்குப் பால் என்பது பொருளைப் பார்த்து வருவது. மேசை என்றால் அஃறிணை, பேச்சு முடிந்தது. அங்கே பால் சொல்லுக்கு உரியது. ‘ஆள்’ என்ற பொருளில் வரும் ‘பெர்ஸொன்’ ஆணைக் குறித்தாலும் பெண்பால்தான்.

ஈறு கொஞ்சம் உதவும். ‘ஸியோன்’ என்று முடிபவை பெரும்பாலும் பெண்பால், ‘மான்’ ஈறு ஆண்பால். ‘ஆஜ்’ ஈறும் ஆண்பால் என்பார்கள். நம்பிப் போனால் ‘பக்கம்’, ‘படம்’, ‘கடற்கரை’ மூன்றும் பெண்பாலாக வந்து நிற்கும். ஆகவே மேசையை வெறும் ‘தாப்ல்’ என்று படிக்காதீர்கள், பெண்பாலைக் காட்டும் ‘லா’வையும் சேர்த்து ‘லா தாப்ல்’ என்றே மனப்பாடம் செய்யுங்கள்.

தமிழில் ‘வருகிறேன்’ என்றாலே போதும். பிரெஞ்சில் ‘நான்’ என்பதை ஏன் விடக்கூடாது?

நம் விகுதி காதில் விழுகிறது, அவர்களுடையது பாதி விழுவதில்லை. ‘பேசு’ என்ற வினையை நான், நீ, அவன், அவர்கள் என்ற நான்குக்கும் மூன்று விதமாக எழுதுவார்கள். சொல்லும்போது நான்கும் ‘பர்ல்’தான். ‘நான்’ போய்விட்டால் யார் பேசுவது என்று யாருக்கும் தெரியாது. ‘த்யூ’, ‘வூ’ பற்றியும் கேட்டிருந்தீர்கள். நீ, நீங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களிடமும் புதியவர்களிடமும் ‘வூ’.

எண்கள் ஏன் இப்படிப் படுத்துகின்றன?

70 என்பது அறுபது-பத்து. 80 என்பது நாலு இருபது. 99 என்பது நாலு இருபது பத்து ஒன்பது. கூட்டிப் பார்ப்பதற்குள் எதிராளி அடுத்த எண்ணுக்குப் போய்விடுவார். பெல்ஜியத்திலும் சுவிட்சர்லாந்திலும் 70க்கும் 90க்கும் ‘செப்தான்த்’, ‘நொனான்த்’ என்று நேரான சொற்கள் உண்டு. அவற்றைச் சொன்னால் பிரான்ஸில் புரிந்துகொள்வார்கள், ஆனால் பதில் நாலு இருபதில்தான் வரும். கணக்குப் போடாமல், 80ஐ ஒரே சொல்லாக விழுங்கிவிடுங்கள்.

பிரெஞ்சுத் திறனுக்குச் சான்றிதழ் தரும் டெல்ஃப் தேர்வு எழுதத்தான் வேண்டுமா?

வேலைக்கோ படிப்புக்கோ கேட்டால் எழுதுங்கள். தேதி வைத்தால்தான் புத்தகத்தைத் திறப்பேன் என்கிற ஜாதி என்றாலும் எழுதுங்கள். கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் என நான்கு பகுதி, ஒவ்வொன்றுக்கும் 25. மொத்தத்தில் 50 எடுத்தால் தேர்ச்சி, எந்தப் பகுதியிலும் 5க்குக் குறையக் கூடாது. சான்றிதழ் ஆயுளுக்கும் செல்லும். நான் அதில் இரண்டாம் நிலையான ஏ2 எழுதினேன். காது, காது என்று இவ்வளவு நீட்டிய எனக்குக் கேட்டலில் வந்தது 11.