பிடுங்குமுன் வேரைப் பாருங்கள்: காய்ப்பு ஓய்ந்த பாத்திகள் பற்றிய கேள்வி பதில்

ஐப்பசி மழைக்கு முன்னால் பழைய செடிகளை எடுத்துவிட்டு அடுத்த காய் வைக்க நினைப்பவர்களின் கேள்விகள் இவை. அளவுகள் எல்லாம் 10 அடிக்கு 4 அடி பாத்திக்கு.

பாவூர்சத்திரம்: அண்ணாச்சி, தக்காளி காய்ப்பு முடிஞ்சிட்டு. செடியை அப்படியே மண்ணுக்குள்ள கொத்தி மூடிரலாமா?

வேரைப் பார்க்காமல் மூடாதீர்கள். நாலு மூலையிலும் நடுவிலும் ஒவ்வொரு செடியை மம்பட்டியால் மூட்டோடு (அடித்தண்டோடு) தோண்டி எடுத்து, வாளித் தண்ணீரில் அலசுங்கள். கையால் இழுத்தால் சல்லிவேர் அறுந்து மண்ணிலேயே நின்றுவிடும். நாம் பார்க்க வேண்டியதே அதைத்தான். செவக்காட்டு மண் காய்ந்தால் கல்லாகிவிடும் என்பதால் முந்தின நாள் சாயங்காலம் தண்ணீர் விட்டுக்கொள்ளுங்கள். சொட்டுநீர்க் குழாய் இருந்தால் முதலில் சுருட்டி எடுங்கள், மம்பட்டி வெட்டுக்குத் தப்பாது.

வேர் வெள்ளையாக, மெலிதாக இருந்தால் கவலையில்லை. இலையில் கருகல் புள்ளி இருந்தால் மட்டும் தழையைப் பாத்தியில் போடாமல் வெளியே எடுங்கள். வேர் முண்டும் முடிச்சுமாக வீங்கியிருந்தால் அது நூற்புழு, வேருக்குள் புகுந்து வாழும் கண்ணுக்குத் தெரியாத புழு. அந்தப் பாத்தியில் முக்கால் அடி ஆழம் கொத்தி, கிடைக்கிற வேரையெல்லாம் பொறுக்கி, காயவைத்து எரித்துவிடுங்கள். உரக்குழியில் போடக்கூடாது. குழி 55 டிகிரிக்கு மேல் சூடேறினால்தான் இவை சாகும். வீட்டுக் குழி பெரும்பாலும் அவ்வளவு சூடேறாது. பிறகு 400 கிராம் வேப்பம்புண்ணாக்கைத் தூளாக்கிக் கலந்து, ஒரு போகம் கேந்தி (செண்டுமல்லி) நடுங்கள். வேர்முடிச்சை அடக்குவதோடு பூவும் விலைக்குப் போகும். வெண்டையும் கத்தரியும் இதே புழுவுக்குத் தீனி, அவற்றை வைக்காதீர்கள்.

அம்பாசமுத்திரம்: எங்க சீனியவரை (கொத்தவரை) வேர்லயும் முடிச்சு கிடக்கே, அதையும் எரிக்கணுமா?

நகத்தால் தள்ளிப் பாருங்கள். சட்டென்று உதிர்ந்து, கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது தழைச்சத்து சேர்க்கிற வேர்முண்டு. பன்னரிவாளால் தரையோடு அறுத்துவிட்டு வேரை மண்ணிலேயே விடுங்கள். உதிராமல் வேரே வீங்கியிருந்தால்தான் நூற்புழு.

களக்காடு: கத்தரிச் செடி இலை பச்சையா இருக்கும்போதே ரெண்டு நாள்ல வாடிப் போச்சு. அதே எடத்துல மிளகாய் வைக்கலாமா?

மூட்டுக்கு மேலே மூன்று அங்குலத் தண்டை வெட்டி, கண்ணாடி டம்ளர் தண்ணீரில் முனை மட்டும் முங்கும்படி ஆடாமல் பிடியுங்கள். சில நிமிடத்தில் வெட்டுவாயிலிருந்து பால்போல நூல் இறங்கினால் அது பாக்டீரியா வாடல். கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றும் ஒரே குடும்பம். அந்த இடத்தில் இரண்டு மூன்று வருஷத்துக்கு மூன்றுமே வேண்டாம். சோளமோ சீனியவரையோ போடுங்கள். செடியை வேரோடு எடுத்து எரித்து, மம்பட்டியைக் கழுவிக் காயவைத்த பிறகே அடுத்த பாத்திக்குக் கொண்டு போங்கள். அந்தப் பாத்தித் தண்ணீர் பக்கத்துப் பாத்திக்கு வழியாமல் வரப்பை அடைப்பதும் அதே அளவு முக்கியம்.

பால் இறங்காமல் தண்டின் உள்ளே பழுப்பு வளையம் மட்டும் தெரிந்தால் பூஞ்சாண வாடலாக இருக்கலாம். நோய்ப் பூஞ்சாணத்தை அடக்கும் நல்ல பூஞ்சாணமான டிரைக்கோடெர்மா விரிடித் தூள் 100 கிராமை 10 கிலோ மக்கிய தொழுவுரத்தில் கலந்து, ஈரச்சாக்கு போட்டு நிழலில் பத்துப் பதினைந்து நாள் வைத்திருந்து, பாத்தியில் இடுங்கள்.

ஆலங்குளம்: வெண்டை இலை நரம்பெல்லாம் மஞ்சளாயிட்டு. மண்ணுலயும் நோய் இருக்குமா?

இருக்காது. அது வெள்ளை ஈ பரப்புகிற நோய். செடி நிற்கிற ஒவ்வொரு நாளும் பக்கத்துக் கொல்லைக்கு ஈ போகிறது, உடனே எடுங்கள். ஈ மந்தமாக இருக்கும் விடியற்காலையில் பிடுங்கிச் சாக்கில் கட்டிவிடுவது நல்லது.

தென்காசி: தழையைக் கொத்தி மூடுனா எத்தனை நாள் கழிச்சு விதைக்கலாம்?

பச்சைத் தழையை விரல் நீளத்துக்கு நறுக்கி மூடினால் மூன்று வாரம் ஈரத்தோடு விடுங்கள். ஒரு கைப்பிடி மண்ணை முகர்ந்தால் புளிச்ச நாற்றம் போய் மண்வாசம் வர வேண்டும். அவசரப்பட்டால் முளை அழுகும். காய்ந்த கத்தரிக் குச்சியை மட்டும் மூடாதீர்கள். அது மக்குகிற வரை புதுச் செடிக்குரிய தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும், கறையானும் ஏறும். வரப்போரம் குவித்து வைப்பதும் தப்பு. காய்ப்புழுவின் கூட்டுப்புழு அதில் இருந்து அந்துப்பூச்சியாகப் புதுக் கத்தரிக்குத் திரும்பும்.

வள்ளியூர்: மேல்மண்ணு வெள்ளையாப் பூத்துக் கிடக்கு.

கிணற்று உப்பு. மேலே அரை அங்குலத்தைச் சுரண்டி வெளியே போட்டு, முதல் நல்ல மழைத் தண்ணீரைப் பாத்தியில் தேக்கி உள்ளே இறங்க விடுங்கள். நடவு அதற்குப் பிறகுதான்.

நாங்குநேரி: கோரை விடமாட்டேங்குது. பவர் டில்லர் ஓட்டிரலாமா?

ஓட்டினால் கிழங்குச் சங்கிலி அறுந்து, ஒன்று பத்தாகும். மம்பட்டியால் புரட்டிக் கிழங்கைப் பொறுக்குங்கள். பத்து நாளில் மிச்சம் முளைக்கும், திரும்பப் பொறுக்க வேண்டும். பாலித்தீன் தாள் மூடிச் சூடேற்றுவதைச் சிலர் கேட்டிருக்கிறீர்கள். அது சித்திரை வெயிலுக்கான வேலை. ஈரமண் மீது கண்ணாடிபோன்ற தாளை ஓரம் புதைத்து ஆறு வாரம் வைத்தால் நூற்புழுவும் களைவிதையும் குறையும், ஆனால் கோரைக் கிழங்கு பெரும்பாலும் தப்பிவிடும்.