பிளாட்பாரத்தில் பேட்டரி வண்டி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பக்கவாதம் வந்த பிறகு எனக்கு இடது காலை ஊன்ற முடியவில்லை. மகன் நான்கு சக்கர பேட்டரி ஸ்கூட்டர் ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறான். மாலை வேளையில் அதில் தெப்பக்குளத்தைச் சுற்றி வருவேன். சென்ற வாரம் ஒருவர், "வண்டின்னா ரோட்டுல ஓட்டணும், பிளாட்பாரத்துல என்ன வேலை?" என்று எல்லார் முன்னிலையிலும் சத்தம் போட்டுவிட்டார். நான் சாலையில்தான் போக வேண்டுமா?
– 66 வயது வாசகி, காமராசர் சாலை, மதுரை

பதில்: வேண்டாம் அம்மா. பேருந்தும் ஷேர் ஆட்டோவும் உரசிக்கொண்டு போகும் சாலையில், மணிக்கு ஆறு கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் ஒரு வண்டியை இறக்கச் சொல்வது உயிரோடு விளையாடச் சொல்வதாகும். நடக்க முடியாத ஒருவர் நடப்பதற்குப் பதிலாகப் பயன்படுத்தும் வண்டி அது. நடப்பவர் எங்கே போகலாமோ அங்கே அதுவும் போகலாம் என்பதே நியாயம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, அவர்கள் தடையின்றிச் சென்றுவர ஏற்ற சாலைகளை அமைக்கும் பொறுப்பை அரசின் மீது வைக்கிறது. மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தக்கூடிய நடைபாதை வேண்டும் என்றும், நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை வாழும் உரிமையைத் தரும் அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவில் அடங்கும் என்றும் உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அடுத்த முறை யாராவது சத்தம் போட்டால், இதைக் குரல் உயர்த்தாமல் எடுத்துச் சொல்லுங்கள்.

ஆனால் ஒரு வேறுபாட்டை மனத்தில் வைக்க வேண்டும். பின்பக்கம் இரண்டு சக்கரங்கள் இணைத்த பெட்ரோல் ஸ்கூட்டரை மாற்றுத்திறனாளிகள் பலர் ஓட்டுகிறார்கள். அது மோட்டார் வாகனம். அதற்கு ஓட்டுநர் உரிமம் வேண்டும், அது சாலையில்தான் போக வேண்டும். உங்களுடையது அந்த வகை அன்று. மோட்டாரின் ஆற்றல் 250 வாட்டுக்கும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் குறைவாக இருப்பது உள்ளிட்ட நிபந்தனைகளை நிறைவேற்றி, அதற்கான சான்றும் பெற்ற பேட்டரி வண்டி மோட்டார் வாகனமாகக் கருதப்படுவதில்லை. வாங்கிய கடையில் இந்த விவரத்தை எழுத்தில் கேட்டு வாங்கி, கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் மனைவியின் குதிகாலில் பின்னால் வந்த பேட்டரி வண்டி ஏறி, நான்கு நாள் அவளால் நடக்க முடியவில்லை. அந்த வண்டி சத்தமே இல்லாமல் வருகிறது. ஓட்டியவரோ, "நீங்கதான் ஒதுங்கியிருக்கணும்" என்றார். உடல்நலம் இல்லாதவர் என்பதால் நான் ஒன்றும் பேசவில்லை. நடப்பவர்களுக்குப் பாதுகாப்பு இல்லையா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், அண்ணா நகர், மதுரை

பதில்: உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அவர் சொன்னது தவறு. நடைபாதையில் நடப்பவருக்கே முதலிடம். பின்னால் வருபவர்தான் காத்திருக்க வேண்டும். ஆளையும் சேர்த்தால் நூறு கிலோவைத் தாண்டும் ஒரு வண்டி குதிகாலில் ஏறினால் என்ன ஆகும் என்பதை அதில் உட்கார்ந்திருப்பவர் ஒவ்வொரு நிமிடமும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

ஜப்பானில் மணிக்கு 6 கிலோமீட்டருக்கு மேல் போகாத இத்தகைய வண்டியில் செல்பவரைச் சட்டமே பாதசாரியாகக் கணக்கிடுகிறது. பிரிட்டனிலும் நடைபாதையில் மணிக்கு 4 மைல்தான், அதாவது 6 கிலோமீட்டரைச் சற்றே தாண்டும் வேகம்தான், உச்ச வரம்பு. சாலையில் 8 மைல் வரை போகக்கூடிய பெரிய வண்டியும் நடைபாதையில் ஏறியதும் 4 மைலுக்கு இறங்கியாக வேண்டும். பாதசாரிக்குரிய இடத்தைக் கேட்பவர் பாதசாரியின் வேகத்திலேயே போக வேண்டும் என்பதுதான் இரண்டு நாட்டு விதிகளுக்கும் அடிப்படை. நாமும் அதையே அளவாகக் கொள்ளலாம்.

என் பெரியம்மா கடைசி நான்கு ஆண்டுகளும் இப்படி ஒரு வண்டியில்தான் வெளியே போய்வந்தார். நான் பல நாள் கூடவே நடந்திருக்கிறேன். கைப்பிடிக்கு நடுவில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு ஒன்று உண்டு; அதன் ஒரு பக்கம் ஆமைப் படமும் மறுபக்கம் முயல் படமும் போட்டிருக்கும். வீட்டு வாசலைத் தாண்டியதும் பெரியம்மா அதை ஆமைப் பக்கம் திருப்பிவிடுவார், திரும்பி வரும்வரை தொடமாட்டார். விசையிலிருந்து விரலை எடுத்தால் அந்த வண்டி தானாகவே நின்றுவிடும். ஆகவே மெதுவாகப் போகும்வரை இடிக்க வேண்டிய அவசியமே வராது. ஹாரன் அடித்தால் முன்னால் போகிறவர் திடுக்கிட்டு எந்தப் பக்கம் விலகுவது என்று தடுமாறுவார் என்பதால், கைப்பிடியில் சைக்கிள் மணி ஒன்றை மாட்டியிருந்தார். மணிக்கும் திரும்பாதவரிடம், "தம்பி, கொஞ்சம் வழி விடுப்பா" என்று சொல்லிவிட்டுக் காத்திருப்பார்.

நடப்பவர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். வண்டியில் உட்கார்ந்திருப்பவரின் கண், நிற்பவரின் மார்பளவுக்குக் கீழே இருக்கிறது. கூட்டத்தில் அவருக்குத் தெரிவதெல்லாம் முதுகுகளும், தொங்கும் துணிப்பைகளும்தான். எதிரே இருக்கும் குழி கடைசி நொடியில்தான் தென்படும். கைப்பேசியைப் பார்த்தபடி அவர் முன்னால் சட்டென்று நின்றுவிடாதீர்கள். நான்கு பேர் கை கோத்து நடக்கும்போது எதிரே வண்டி வந்தால், இருவர் பின்னால் போய் வழி விடுங்கள். உதவி செய்கிறேன் என்று கேட்காமல் வண்டியைப் பிடித்துத் தள்ளாதீர்கள்; அது அவர் தோளைப் பிடித்துத் தள்ளுவதற்குச் சமம்.

அந்த மனிதரை மறுபடி பார்த்தால் நடந்ததை அமைதியாகச் சொல்லுங்கள் ஐயா. உடல்நலம் இல்லாதவர் என்று நாம் பேசாமல் விட்டுவிடுவதும் அவரைச் சமமாக மதிப்பதாகாது.

கேள்வி: நெரிசல் நேரத்தில் பைக்குகள் பிளாட்பாரத்தில் ஏறி ஓடுவதால், எங்கள் தெருக் கடைக்காரர்கள் சேர்ந்து இரும்புத் தூண் நட்டோம். இப்போது சக்கர நாற்காலியில் வருபவர்கள் நுழைய முடியவில்லை என்கிறார்கள். எடுத்துவிடலாமா?
– கடை உரிமையாளர், சிம்மக்கல், மதுரை

பதில்: பொது நடைபாதையில் மாநகராட்சியின் அனுமதி இல்லாமல் தூண் நட முடியாது, முதலில் அதைச் சரிசெய்யுங்கள். தூண்களுக்கு நடுவே இடைவெளி குறைந்தது 90 சென்டிமீட்டர் இருக்க வேண்டும், தூணுக்கு முன்னும் பின்னும் வண்டி நேராகத் திரும்பி நிற்க இடமும் வேண்டும். அந்த இடைவெளியில் பைக்கும் நுழைந்துவிடும் என்பது உண்மை. நாற்காலியை உள்ளே விட்டு, பைக்கை மட்டும் நிறுத்தும் தூண் கிடையாது. நடைபாதையில் பைக் ஓட்டுவது குற்றம், அதைத் தடுக்கும் வேலை போக்குவரத்துக் காவலருடையது.

தூணைவிடப் பெரிய தடை உங்கள் கடை வாசலிலேயே இருக்கிறதா என்றும் பாருங்கள். நடைபாதையில் எந்தத் தடையும் இல்லாத 1.8 மீட்டர் அகலமாவது வேண்டும், விளிம்புக்கல் 15 சென்டிமீட்டருக்கு மேல் உயரக்கூடாது என்று, சாலைத் தர அளவுகளை வகுக்கும் இந்தியச் சாலைப் பேரவையின் 2012 வழிகாட்டி நெறி சொன்னது. அந்த 1.8 மீட்டரில்தான் இரண்டு சக்கர நாற்காலிகள் ஒன்றையொன்று கடக்க முடியும். விளம்பரப் பலகை, ஜெனரேட்டர், வாடிக்கையாளர் நிறுத்தும் பைக் ஆகியவை போக எஞ்சும் முக்கால் மீட்டரில் நடப்பவரும் வண்டியில் வருபவரும் முட்டிக்கொள்கிறார்கள். மேலே வந்த இரண்டு கடிதங்களும் இப்படிப்பட்ட நெருக்கடியில் பிறந்தவை என்றே நினைக்கிறேன். இதற்காகப் பூக்காரம்மாவை விரட்டக் கிளம்பிவிடாதீர்கள். அவருடைய பிழைப்புக்குத் தெருவோர வியாபாரிகள் சட்டம், 2014, பாதுகாப்புத் தருகிறது. அவருக்கு முறையான இடம் ஒதுக்குவது தனி வேலை.

திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்தில், தெரு முனையில் சாய்தளம் கேட்டுக் கடைக்காரர்கள் கையெழுத்திட்ட மனு ஒன்றைக் கொடுங்கள். உயரத்தைப் போல் 12 மடங்கு நீளம் இருந்தால்தான் அது சாய்தளம். 15 சென்டிமீட்டர் ஏற 1.8 மீட்டர் வேண்டும். சாய்தளம் கட்டும் நாளில், உங்களிடம் குறை சொன்ன அந்தச் சக்கர நாற்காலிக்காரரையே அழைத்து, சிமெண்டு பூசுவதற்கு முன் ஒரு முறை அளவு பார்க்கச் சொல்லுங்கள்.