முதலில் வாலைப் பாருங்கள்: பினாங்கு கடல்பறவைக் கேள்வி பதில்

கேள்வி (பட்டர்வொர்த்): ஃபெரியில் வரும்போது தலைக்கு மேலே பெரிய பறவை வட்டமிட்டது. ஃபிரிகேட் பறவையா?

பதில்: வாலைப் பாருங்கள். கத்தரிக்கோல் போலப் பிளந்து, இறக்கை ஒடுங்கி நீண்டிருந்தால் அதுதான். மலாய்க்காரர்கள் சிம்பாங் என்பார்கள். வால் விசிறி போல விரிந்தால் செம்பருந்து.

கேள்வி (தெலுக் பகாங்): ஆண்பறவையின் சிவப்புத் தொண்டைப் பையை எப்போது பார்க்கலாம்?

பதில்: இங்கே முடியாது. கூடு கட்டும் தீவில், பெண்பறவையை அழைக்கத்தான் அதை ஊதும். மலேசியக் கடல்களுக்கு வரும் கிறிஸ்துமஸ் தீவு ஃபிரிகேட், ஜாவாவுக்குத் தெற்கே சுமார் 350 கி.மீ. தள்ளியிருக்கும் அந்த ஒரே தீவில்தான் முட்டையிடுகிறது. ஒரு தடவைக்கு ஒரே முட்டை.

கேள்வி (ஆயர் ஈத்தாம்): களைத்தால் கடலில் உட்காருமா? தூக்கம்?

பதில்: நல்ல கேள்வி, அக்கா. உட்காராது. இறகில் எண்ணெய்ப் பசை போதாது, நனைந்தால் கனத்துவிடும், கால்களும் குட்டை. அதனால் அலகு மட்டும் தண்ணீரில் படும்படி மீனை அள்ளும். தூக்கமும் வானத்திலேதான். பசிபிக் கடலில் உள்ள காலபகோஸ் தீவுகளில் 'பெரிய ஃபிரிகேட்' என்ற இனப் பறவைகளின் மூளை அலைகளைப் பதிவு செய்த ஆய்வு 2016இல் வெளிவந்தது. பறக்கும்போது ஒரு நாளைக்குச் சுமார் 42 நிமிடம்தான் தூங்கின. கரைக்கு வந்தால் 12 மணி நேரத்துக்கும் மேல். பெரும்பாலும் மூளையின் ஒரு பாதி தூங்க, மறுபாதி விழித்திருக்கும். சில நேரம் இரண்டும் தூங்கும், அப்போதும் விழுவதில்லை. காற்று மேலே தூக்கும் நேரமாகப் பார்த்துக் கண்ணயர்கிறது. இதை நினைத்தாலே எனக்குச் சிலிர்க்கிறது.

கேள்வி (ஜெலுத்தோங்): மற்ற பறவையின் இரையைப் பறிக்கும் திருடனை ஏன் அண்ணே இப்படிப் புகழ்கிறீர்கள்?

பதில்: பறிக்கும், மறுக்கவில்லை. ஆனால் வயிறு நிறைவது பெரும்பாலும் தானே பிடிக்கும் பறக்கும் மீனிலும் கணவாயிலும்தான்.

கேள்வி (அதே வாசகர்): துரத்திக் கக்க வைப்பதை வீடியோவில் பார்த்தேனே!

பதில்: பார்த்திருப்பீர்கள். துரத்தலைத்தான் எல்லாரும் படம் பிடிக்கிறார்கள். நடுக்கடலில் மணிக்கணக்காக மீன் தேடுவதை யார் எடுக்கிறார்கள்? திருடன் என்று மட்டும் சொல்லாதீர்கள், மனசு கேட்கவில்லை.

கேள்வி (பத்து பெரிங்கி): படம் அனுப்பியிருக்கிறேன், ஃபிரிகேட்தானே?

பதில்: வாலைப் பாருங்கள். வெள்ளைத் தலை, செம்மண் நிற உடம்பு. செம்பருந்து.

கேள்வி (தஞ்சோங் பூங்கா): இதுவும்...?

பதில்: செம்பருந்து. வால், வால்!

கேள்வி (பூலாவ் பெத்தோங்): மீன்பிடிப் படகிலிருந்து தம்பி எடுத்த படம். வால் பிளந்திருக்கிறது. உடம்பு முழுக்கக் கருப்பு, வயிற்றில் மட்டும் வெள்ளைத் திட்டு.

பதில்: கிறிஸ்துமஸ் தீவு ஆண்பறவை! தேதி, நேரம், இடம் மூன்றையும் இப்போதே எழுதி வையுங்கள். தம்பியிடம் படகைக் கிட்டே ஓட்ட வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.