50 வயதுக்கு மேல் வேலையை விட்டுவிட்டு செராமிக் தொழிலுக்கு வர முடியுமா?

தாராளமாக வரலாம். ஆனால் பி.எஃப். பணத்தில் முதல் வேலையாகச் சூளை வாங்காதீர்கள். முதல் வருடம் பயிற்சிக்கும், வாடகைக்குச் சுட்டுத் தரும் இடத்துக்கும் செலவு செய்யுங்கள். புதுச்சேரியில் 1971-ல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற செராமிக் பட்டறையைத் தொடங்கினார்கள். அங்கே பயின்ற பலர் அந்த வட்டாரத்திலேயே பட்டறை வைத்திருக்கிறார்கள்; சிலர் வகுப்பும் எடுக்கிறார்கள்.

ஆரம்பத்தில் ஒரே பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். 400 கிராம் மண்ணில் ஒரு காபி மக் போதும். வனைந்ததும் கம்பியால் நெடுக்கே இரண்டாக வெட்டிப் பாருங்கள். சுவர் விளிம்பில் மெலிந்தும் அடி மூலையில் தடித்தும் இருந்தால், மெலிந்த பக்கம் முந்திக் காய்ந்து இழுக்கும். அடியை நன்றாக அழுத்தாமலோ, உள்ளே தேங்கிய தண்ணீரை ஸ்பாஞ்சால் ஒற்றி எடுக்காமலோ விட்டால் அடியில் 'எஸ்' வடிவ விரிசல் விழும். பல நேரம் சுட்ட பிறகுதான் அது கண்ணில் படும். மண் மொத்தமாகச் சுமார் 12 சதவீதம் சுருங்கும், 9 செ.மீ. மக் வேண்டுமென்றால் 10.2 செ.மீ. உயரத்துக்கு வனைய வேண்டும்.

கைப்பிடி உடலைவிட மெல்லியது, அதனால் சீக்கிரம் காயும். ஒட்டின இடத்தில் பிளவு வருவது இதனால்தான். இரண்டு பக்கமும் கீறி, குழைமண் தடவி ஒட்டி, பிளாஸ்டிக் தாளால் மூடி ஓரிரு நாள் மெதுவாகக் காய விடுங்கள். முழுதாகக் காய்ந்ததா என்று தெரிய கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்றிருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. அப்படியே சூளையில் வைத்தால் நீராவி வெடித்துப் பக்கத்துப் பொருளையும் உடைக்கும். சந்தேகமிருந்தால் 90 டிகிரியில் சில மணி நேரம் நிறுத்திவிட்டுப் பிறகு ஏற்றுங்கள். 573 டிகிரியில் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் என்ற கனிமம் திடீரென விரியும், ஆறும்போது அதே இடத்தில் சுருங்கும். அவசரப்பட்டுச் சூளையைத் திறந்தால் 'டிக்' என்று விரிசல் விடும்.

முதல் சூடு 1000 டிகிரி வரை, கிளேஸ் (சூட்டில் உருகிக் கண்ணாடிபோல் படியும் பூச்சு) பூசிய பின் ஸ்டோன்வேருக்கு (அதிக வெப்பத்தில் சுடும் கெட்டியான வகை) 1220 முதல் 1280 வரை. அடியிலும் அதையொட்டி 3 மி.மீ. உயரத்துக்கும் கிளேஸ் இல்லாமல் துடைத்துவிடுங்கள், இல்லையேல் சூளைத் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். மண்ணைவிட கிளேஸ் அதிகம் சுருங்கினால் மேலே வலைபோல் மெல்லிய கீறல் ஓடும். கிளேஸில் சிலிகாவை (குவார்ட்ஸ் பொடி) கூட்டினால் பெரும்பாலும் சரியாகும். நம் வீடுகளில் ஊறுகாயும் புளியும் பாத்திரத்தில் படும். விற்பதற்கு முன் எலுமிச்சைத் துண்டை ஓர் இரவு வைத்துப் பாருங்கள். நிறம் மாறினால் அந்தக் கிளேஸ் அலங்காரப் பொருளுக்கு மட்டுமே. மாறாவிட்டாலும் ஈயம் கலந்த கிளேஸை உணவுப் பாத்திரத்தில் தொடவே கூடாது.

இந்த வயதில் உடம்பை மண்ணைவிட ஜாக்கிரதையாகப் பார்க்க வேண்டும். மண் வனையும் திரிகையை உயர்த்தி, முழங்கையைத் தொடையில் ஊன்றி, தோள் பலத்தால் அல்லாமல் உடல் எடையால் மண்ணை மையத்துக்குக் கொண்டு வாருங்கள். 25 கிலோ மூட்டையை அப்படியே தூக்காமல் 5 கிலோவாக வெட்டி எடுங்கள். பட்டறையை ஒருபோதும் உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காதீர்கள். காய்ந்த மண்ணிலிருந்து பறக்கும் சிலிகா தூசி நுரையீரலில் தங்கினால் திரும்ப வெளியேறாது. ஈரத்துணியால் துடையுங்கள். கிளேஸ் பொடி கலக்கும்போது என்95 முகக்கவசம் கட்டாயம்.

சூளை வாங்கும் காலம் வந்தால் முதலில் மின் இணைப்பைப் பாருங்கள். 100 லிட்டர் மின்சூளைக்கே 7, 8 கிலோவாட் தேவைப்படலாம். மூன்று ஃபேஸ் இணைப்பு கேட்க வேண்டியிருக்கும். மக் விலை போடும்போது உடைந்தவற்றின் மண், கிளேஸ், மின்சாரம் எல்லாவற்றையும் தேறியவற்றின் மேல் ஏற்றிக் கணக்கிடுங்கள்.