அரளி ஓங்கி வளர்கிறது, பூ இல்லை: என்ன செய்யலாம்?

கேள்வி: வேலியோரம் அரளி வைத்து 4 வருடம் ஆகிறது. ஆள் உயரம் தாண்டிவிட்டது. தழை பச்சைப்பசேல் என்று இருக்கிறது, பூ உச்சியில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் வருகிறது. வாய்க்கால் பக்கம் என்பதால் தண்ணீருக்குக் குறைவில்லை, யூரியாவும் வைக்கிறேன். கொழுந்தில் மஞ்சள் பூச்சி அப்பிக் கிடக்கிறது. செடியை வெட்டிவிடலாமா? வெட்டிய தழையை ஆடுகளுக்குப் போடலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். தயவுசெய்து போடாதீர்கள். அரளியில் இலை, பட்டை, பூ, வேர் எல்லாமே நஞ்சு. அது நேராக இதயத்தைத் தாக்கும். வளர்ந்த மாட்டுக்கே 10, 20 இலை போதும், ஆடு எம்மாத்திரம்? பச்சை இலை கசப்பதால் ஆடு பெரும்பாலும் வாய் வைக்காது. ஆனால் வாடினால் கசப்பு குறைந்துவிடும், நஞ்சு குறையாது. அதனால் வெட்டிப்போட்ட தழைதான் நிற்கிற செடியைவிட ஆபத்து. அன்றன்றே அள்ளி, ஆடு மாடு எட்டாத இடத்தில் ஆழமாகக் குழி தோண்டிப் புதையுங்கள். எரிக்காதீர்கள், புகையும் கெடுதல். வாய்க்காலில் இலை விழாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். தப்பித்தவறி தின்றுவிட்டால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

சரி, பூவுக்கு வருவோம். அரளி புதுத் தளிரின் நுனியில்தான் மொட்டு விடும். உங்கள் செடியில் பழைய கிளைகளே உயர்ந்துகொண்டு போகின்றன, நுனிகள் குறைவு, பூவும் குறைவு. ஆகவே கவாத்து கட்டாயம். ஒரு கிளையைப் பிடித்துப் பாருங்கள்: பெரும்பாலும் ஒரே கணுவில் 3 இலை சுற்றி நிற்கும். அந்தக் கணுவுக்குச் சற்று மேலே வெட்டினால் அடியிலிருந்து இரண்டு மூன்று தளிர் கிளம்பும். ஒரு நுனி இருந்த இடத்தில் மூன்று நுனி! பூ ஓய்ந்த சமயமாகப் பார்த்து, அடைமழை இல்லாத நாளில், உயரத்தில் மூன்றில் ஒரு பங்கை எடுங்கள். தூரில் முளைக்கும் மெலிந்த போத்துகளையும் நீக்குங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், சாறு பட்டால் சிலருக்குத் தோல் எரியும். அப்புறம் கொஞ்ச காலம் பூ இருக்காது, பொறுத்துக்கொள்ள வேண்டும்.

யூரியாவை நிறுத்திவிடுங்கள். தழைச்சத்து மிஞ்சினால் இலைதான் பெருகும், அந்த இளம் கொழுந்துதான் பூச்சிக்கும் விருந்து. மக்கிய தொழுவுரம் போதும். தண்ணீரை மேல்மண் நன்றாகக் காய்ந்தபின் விடுங்கள்; வேரில் தேங்கினால் அழுகும். அதற்காக அடியோடு நிறுத்தவும் வேண்டாம். வறட்சியில் அரளி சாகாது, ஆனால் பூவைக் குறைத்துக்கொள்ளும். வெயிலை மறைக்கும் மரக்கிளை இருந்தால் அதையும் கழித்துவிடுங்கள்.

அந்த மஞ்சள் பூச்சி அசுவினி. கவாத்திலேயே பாதி போய்விடும். மிச்சத்தைத் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி உதிர்த்துவிடலாம். அதற்கும் அடங்காவிட்டால் லிட்டருக்கு 3 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து மாலையில் தெளியுங்கள். தெளிக்குமுன் கூட்டத்தை உற்றுப் பாருங்கள். உப்பிப் பழுப்பேறிய அசுவினிகள் தெரிந்தால் அவற்றுக்குள் குளவிப் புழு வளர்கிறது என்று அர்த்தம். அப்படியிருந்தால் மருந்தே வேண்டாம், குளவிகளே பார்த்துக்கொள்ளும்.