ரோகிணியின் ஒளிர்வு 155 மடங்கா, 400 மடங்கா?

ரோகிணி விண்மீன் சூரியனைப் போல் 155 மடங்கு ஒளிர்வதாக உங்கள் கணக்கில் வந்தது, நூலிலோ 400 மடங்கு என்றிருக்கிறது, எங்கே பிழை என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் கணக்கில் பிழை இல்லை. ரோகிணிக்கு, அதாவது ஆல்டெபரானுக்கு, நீங்கள் பெற்ற 155 மடங்கு என்பது கண்ணுக்குப் புலப்படும் ஒளியை மட்டும் சூரியனோடு ஒப்பிட்ட எண். நூலில் காணும் ஏறத்தாழ 400 மடங்கு என்பதோ எல்லா அலைநீளங்களையும் சேர்த்த மொத்த ஒளிர்வு.

தோற்றப் பொலிவெண் (பூமியிலிருந்து பார்க்கையில் தெரியும் பொலிவின் அளவு) 0.86, தொலைவு 65 ஒளியாண்டு ஆகிய இரண்டை மட்டுமே கொண்டு நீங்கள் தொடங்கியிருப்பதுதான் இந்த வேறுபாட்டுக்குக் காரணம். மேற்பரப்பு வெப்பநிலை சுமார் 3,900 கெல்வின் மட்டுமே என்பதால், அந்த விண்மீன் உமிழும் ஆற்றலில் பெரும்பகுதி அகச்சிவப்பாகவே வெளியேறிவிடுகிறது. நாம் ஆரஞ்சு நிறமாகக் காண்பது எஞ்சிய சிறு பங்கைத்தான்.

மொத்த ஒளிர்வு ஆரத்தின் வர்க்கத்துக்கும் வெப்பநிலையின் நான்காம் அடுக்குக்கும் ஏற்ப மாறுவதால், பொலிவெண்ணைத் தொடாமலே இதைச் சரிபார்க்கலாம்:

1. ஆரம் சூரியனைப் போல் 44 மடங்கு. அதன் வர்க்கம் 1,936.
2. சூரியனோடு ஒப்பிட்ட வெப்பநிலை விகிதம் 3,900/5,772. அதன் நான்காம் அடுக்கு ஏறத்தாழ 0.208.
3. இரண்டையும் பெருக்கினால் 400-ஐ ஒட்டிய விடை வரும்.

நான்காம் அடுக்கு என்பதால், வெப்பநிலையில் 100 கெல்வின் பிசகினாலே விடை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு மாறிவிடும். ஆகவே 400 என்பதைத் துல்லிய எண்ணாகக் கொள்ள வேண்டாம். தொலைவிலும் கவனம் தேவை. ஹையடீஸ் என்னும் விண்மீன் கொத்தின் நடுவே தெரிந்தாலும் ரோகிணி அதன் உறுப்பினர் அன்று (பலரும் சறுக்கும் இடம் இது). கொத்தின் தொலைவான சுமார் 150 ஒளியாண்டை இட்டால் ஒளிர்வு ஐந்து மடங்குக்கு மேல் ஊதிவிடும்.