வாசகர் கேள்வி – பதில்: இசைத்தட்டிலிருந்து தாளுக்கு வந்த எலிங்டன்

கேள்வி: அமெரிக்க ஜாஸ் இசையமைப்பாளர் டியூக் எலிங்டனின் இசைக்குழுவினர் நோட்ஸ் (ஸ்வரங்கள் எழுதிய தாள்) பார்த்து வாசித்தவர்கள்தாமே? அப்படியிருக்க, இன்றைய ஜாஸ் குழுக்களுக்காக அந்தப் படைப்புகளைப் பழைய இசைத்தட்டுகளைக் கேட்டு மறுபடியும் எழுதியெடுப்பது ஏன்?

பதில்: நோட்ஸ் இருந்தது உண்மைதான், ஆனால் அது கடைக்கு வரவில்லை. 1930களிலும் 40களிலும் அமெரிக்கப் பதிப்பாளர்கள் அச்சிட்டு விற்றவை, எந்த ஊர் நடனக்குழுவும் வாசித்துவிடக்கூடிய வகையில் எளிமையாக்கப்பட்ட பொது அரேஞ்ச்மென்ட்டுகளே (வாத்தியங்களுக்குப் பகிர்ந்தெழுதிய வடிவங்கள்). எலிங்டனின் சொந்தத் தாள்களோ குழுவுக்குள் மட்டும் புழங்கியவை. அவற்றில் பலவற்றின் தலைப்பில் வாத்தியத்தின் பெயருக்குப் பதிலாக அதை வாசிப்பவரின் பெயரே இருக்கும். ஒத்திகையின்போது ஒரு பகுதியை வெட்டுவதும் சுற்றுகளை முன்பின்னாக மாற்றுவதும் வாய்மொழியாகவே முடிவானதால், தாளில் இருப்பதும் இசைத்தட்டில் கேட்பதும் பல இடங்களில் ஒத்துப்போவதில்லை. அந்தத் தாள்களின் பெருந்தொகுப்பு 1988இல் வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கு வந்து சேர்ந்த பிறகுதான், இரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிட ஆய்வாளர்களுக்கு நல்ல வழி பிறந்தது. டேவிட் பெர்கர் போன்றோர் எழுதியெடுத்த ஸ்கோர்களை (எல்லா வாத்தியங்களின் பகுதிகளும் அடங்கிய தாள்களை), நியூயார்க்கின் ‘ஜாஸ் அட் லிங்கன் சென்டர்’ என்ற இசை அமைப்பு 1990களின் நடுவிலிருந்து உயர்நிலைப் பள்ளி இசைக்குழுக்களுக்கு இலவசமாக அனுப்பிவருகிறது. பள்ளி மாணவர்களுக்கு வெட்டிக் குறைத்த வடிவம் போதும் என்று விட்டுவிடாமல் எலிங்டன் எழுதிய ஸ்வரங்களையே அவர்கள் கையில் கொடுத்தது, என் மதிப்பில், ஸ்விங் எனப்படும் அந்தக் கால நடன ஜாஸ் இசைக்குச் செய்யப்பட்ட மிகப் பெரிய தொண்டு.

அதே காலத்தின் இன்னொரு ஜாஸ் குழுத்தலைவரான கவுண்ட் பேஸியின் நிலை வேறு. கான்சாஸ் சிட்டியில் உருவான அவருடைய குழு, 1937இல் பதிவான ‘ஒன் ஓ கிளாக் ஜம்ப்’ போன்றவற்றை, ஒருவர் தொடங்கும் சிறு இசைத்துணுக்கை அவருடைய பிரிவு முழுவதும் பிடித்துக்கொள்ளும் முறையில் தாளில்லாமலே அமைத்தது. அத்தகைய படைப்புக்கு இசைத்தட்டுதான் மூலப்பிரதி.

கேள்வி: இரைச்சல் மிகுந்த ஒரு பழைய பதிவில் 15 வாத்தியங்களை எப்படித்தான் பிரித்துக் கேட்கிறார்கள்?

பதில்: முதலில் சுருதியைச் சரிபார்க்க வேண்டும், நிமிடத்துக்கு 78 சுற்று என்று குறிப்பிட்டிருந்தாலும், பதிவின் வேகம் சற்றே மாறியிருந்தால் சுருதியும் நகர்ந்துவிடும். பிறகு மேலே ஒலிக்கும் முதல் டிரம்பெட்டையும் அடியில் ஒலிக்கும் பாஸையும் எழுதிக்கொண்டு, நடுவில் உள்ள குரல்களைத் தேட வேண்டும்.

உண்மையான சிக்கல் அந்த நடுவில்தான் இருக்கிறது. 1930இல் பதிவான ‘மூட் இண்டிகோ’வின் தொடக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். டிரம்பெட், டிராம்போன், கிளாரினெட் ஆகிய மூன்றே வாத்தியங்கள் மெல்ல ஒலிக்கின்றன. கிளாரினெட் உச்சியிலும் டிராம்போன் அடியிலும் இருப்பதுதான் வழக்கம் என்பதால் காதும் அதையே எதிர்பார்க்கும். எலிங்டனோ மியூட் (ஒலியை அடக்கும் அடைப்பான்) வைத்த டிரம்பெட்டை மேலேயும், மியூட் வைத்த டிராம்போனை அதையொட்டி அதன் உயர் ஸ்தாயியிலும், கிளாரினெட்டை வெகு கீழே அதன் மந்தர ஸ்தாயியிலும் நிறுத்தினார். ஸ்வரங்களைச் சரியாகப் பிடித்து, வாத்தியங்களை மாற்றி எழுதிவிட்டால் அந்த நிறமே போய்விடும். ஆகவே எழுதியெடுப்பவருக்கு ஸ்வரஞானம் மட்டும் போதாது. எலிங்டன் குழுவின் ஹாரி கார்னியின் பாரிடோன் சாக்ஸபோன் எப்படி ஒலிக்கும், ஜானி ஹாட்ஜஸின் ஆல்டோ எப்படி வழுக்கிச் செல்லும் என்று ஆளாளாகத் தெரிந்திருக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் மாணவர் குழு அத்தகைய ஸ்கோர் ஒன்றைப் பிழையில்லாமல் வாசிக்கிறது. ஆனாலும் இசைத்தட்டில் உள்ளதுபோல ஒலிக்கவில்லையே?

பதில்: தாளில் சமமாக எழுதப்படும் எட்டிலொரு பங்கு ஸ்வரங்கள் ஸ்விங்கில் சமமாக வாசிக்கப்படுவதில்லை, முதலாவது சற்று நீளும், இரண்டாவது குறுகும். எவ்வளவு என்பது வேகத்துக்கு வேகம், குழுவுக்குக் குழு மாறுவதால் அதை எந்தக் குறியாலும் எழுதிக்காட்ட முடியாது. ஆகவே மாணவர்கள் இசைத்தட்டோடு சேர்ந்து முதலில் வாயால் பாடட்டும், பிறகு வாத்தியத்தை எடுக்கட்டும்.

அடுத்தது ஒலியளவு. பேஸி குழுவில் ஃப்ரெடி கிரீன் ஒலிபெருக்கி இணைக்காத கிதாரில் நான்கு அடிகளையும் மீட்டிவந்தார். உங்கள் அரங்கில் அப்படியொரு கிதார் காதில் விழவில்லையென்றால் பித்தளை வாத்தியங்கள் அளவுக்கு மீறி ஒலிக்கின்றன என்று பொருள். 1940இல் பதிவான எலிங்டனின் ‘கோ-கோ’ இன்னும் கண்டிப்பானது: பன்னிரண்டு தாளக்கட்டு கொண்ட புளூஸ் (ஜாஸுக்கு வேரான அமெரிக்கக் கறுப்பர் இசைவடிவம்) சுற்று திரும்பத் திரும்ப வர, ஒவ்வொரு சுற்றிலும் அடர்த்தி ஏறிக்கொண்டே போகும். முதல் சுற்றிலேயே முழு வேகத்தையும் காட்டிவிடும் குழுவுக்கு அதன்பின் ஏறப் படியில்லை. அதில் டிரிக்கி சாம் நான்டன் வாசிக்கும் டிராம்போன் தனிவாசிப்பில், வாத்தியத்தின் விரிந்த வாய்க்குள் ஒரு சிறு மியூட்டும் வெளியே குழாய் அடைப்பு நீக்கும் ரப்பர் கிண்ணமும் சேர்ந்து இயங்குகின்றன. ஸ்வரங்களுக்கு மேல் உள்ள கூட்டல் குறி மூடுவதையும் சிறு வட்டம் திறப்பதையும் சொல்லும். அவற்றைப் புறக்கணித்தால் மனிதக்குரல்போல் பேசும் அந்தத் தனிவாசிப்பு வெறும் ஸ்வரவரிசையாகிவிடும்.

தனிவாசிப்புகளை அப்படியே வாசிக்க வேண்டுமா என்றும் கேட்பீர்கள். ‘காட்டன் டெய்ல்’ போன்றவற்றில் பென் வெப்ஸ்டர் சாக்ஸபோனில் வாசித்ததை மனப்பாடம் செய்துவிட்டு, மேடையில் உங்கள் மாணவர் தம் கற்பனையில் வாசிப்பதே முறை. ‘கான்செர்ட்டோ ஃபார் கூட்டி’யில் டிரம்பெட் கலைஞர் கூட்டி வில்லியம்ஸுக்கு அமைந்த பகுதியோ படைப்பின் உடல், அதைக் கைவிட்டால் படைப்பே மிஞ்சாது.

கேள்வி: நாங்களே எழுதியெடுத்து விற்கலாமா?

பதில்: உரிமை வைத்திருக்கும் பதிப்பாளரின் அனுமதியின்றி விற்கக் கூடாது. காதால் கேட்டு எழுதியது உங்கள் உழைப்பாக இருந்தாலும், படைப்பு உங்களுடையதாகிவிடாது. உரிமைக்காலம் முடிந்துவிட்டதா என்பதைப் படைப்புக்குப் படைப்பு, நாட்டுக்கு நாடு தனித்தனியே பார்த்துக்கொள்ளுங்கள்.